வாத்து வேட்டைக்கு எந்த ஷாட்கன்? பம்ப், செமி-ஆட்டோ, இரட்டைக்குழல் ஓர் ஒப்பீடு

வாத்து வேட்டைக்கு முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எது உள்ளே தோட்டா சிக்கி மாட்டிக்கொள்ளாமல் சுடும்?" எல்லாமே ஒருநாள் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் உண்மை. காட்டுக்கோழிக்கும் முயலுக்கும் போகிற துப்பாக்கி பெரும்பாலும் காய்ந்த தரையில், தோளிலேயே போய்த் திரும்பிவிடும். வாத்துக்குப் போகிற துப்பாக்கிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடியலுக்கு முன்பே சேற்றோரம் சாய்ந்து நிற்கும். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் கிடக்கும். தண்ணீரிலிருந்து ஏறி வந்த நாய் அதன் பக்கத்தில்தான் உடம்பை உதறும். நாணலின் பஞ்சு போல்ட்டுக்குள் (தோட்டாவுக்குப் பின்னால் குழலை மூடும், முன்னும் பின்னும் நகரும் இரும்புத்துண்டு) புகுந்து எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலம் முற்றினால் உள்ளே போன தண்ணீர் அங்கேயே உறைந்தும் போகும்.

அதனால் நான் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி. இந்தத் துப்பாக்கி எந்த இடத்தில் மாட்டும்? மாட்டினால், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, விறைத்த விரல்களோடு, கருவி எதுவும் இல்லாமல் அதை நானே சரிசெய்துகொள்ள முடியுமா? மூன்று வகைகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். மரவேலைப்பாடு, கம்பெனிப் பெயர், மறுவிற்பனை மதிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும்

வாத்து வேட்டையில் ஈய ரவைக்கு (தோட்டாவிலிருந்து சிதறிப் பாயும் சிறு உருண்டைகளுக்கு) பல நாடுகளில் இடமில்லை. அமெரிக்காவில் 1991 முதல், கனடாவில் நாடு முழுக்க 1999 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடைசெய்துவிட்டது. சேற்றில் விழுந்த ஈய ரவையை வாத்துகள் கல்லென்று நினைத்து விழுங்கி, நஞ்சேறிச் சாகின்றன என்பதுதான் காரணம். நியாயமான சட்டம். வேட்டைக்காரர்கள்தான் முதலில் இதற்கு ஆதரவாக நிற்க வேண்டும்.

ஈயத்துக்குப் பதிலாக வந்தது ஸ்டீல். ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 11.3 கிராம்; ஸ்டீலுடையது 7.8தான். எடை குறைந்த ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட ரவையைப் பெரிதாக்கினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், தோட்டாவை நீட்டினார்கள். இன்று வாத்துக்குச் சுடுகிற 12 போர் தோட்டா (போர் என்பது குழலின் அகல அளவு; எண் கூடினால் குழல் சிறிது) பெரும்பாலும் 3 அங்குலம். கூஸ் என்னும் பெருவாத்துக்கு 3½ அங்குலம் போடுகிறவர்களும் உண்டு. நீளமும் வேகமும் கூடினால் தோளில் விழும் உதையும் கூடும், ஆக்‌ஷனுக்குள் (தோட்டாவை ஏற்றி இறக்கும் அமைப்புக்குள்) ஓடும் பாகங்களுக்கு அடியும் கூடும். ஈயக் காலத்தில் அலுங்காமல் ஓடிய பல துப்பாக்கிகள் ஸ்டீல் காலத்தில் தடுமாறுவது இதனால்தான்.

இன்னொன்று. விலை மலிந்த சில தோட்டாக்களில் அடிப்பாகம் பித்தளை இல்லை, முலாம் பூசிய இரும்பு. சுட்டதும் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) விரியும். பித்தளைபோல் அவ்வளவு எளிதாகச் சுருங்காது. சேம்பரில் கொஞ்சம் துருவும் சேர்ந்தால் காலித் தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். "துப்பாக்கி சரியில்லை" என்று கடைக்குத் திரும்பி வருகிறவற்றில் குற்றவாளி தோட்டாவாக இருப்பதும் உண்டு. ஆக்‌ஷனைக் குறை சொல்லுமுன் தோட்டாவை மாற்றிப் பார்ப்பது நல்லது.

சட்டத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 1935 முதலே, இடம்பெயரும் நீர்ப்பறவைகளுக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாத துப்பாக்கிதான் அனுமதி. கையால் இயக்கும் பம்ப்பிலும், சுட்டதும் தானே அடுத்ததை ஏற்றும் செமி-ஆட்டோவிலும் அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் குழாய்க்குள் ஒரு கட்டை செருகி அந்தக் கணக்கில் நிறுத்துவார்கள். பிரிட்டனில் சாதாரண ஷாட்கன் உரிமத்துக்கு மேகசின் இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. ஆக, "செமி-ஆட்டோவில் நிறையச் சுடலாம்" என்கிற வாதம் இங்கே எடுபடாது. செமி-ஆட்டோவின் மூன்றுக்கும் இரட்டைக்குழலின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு தோட்டா.

பம்ப்: கையே இயந்திரம்

வின்செஸ்டர் மாடல் 12 வந்தது 1912-இல். இத்தாக்கா 37 வந்தது 1937-இல். அதன் பிறகு ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 என்று வரிசை நீண்டது. இவற்றின் உள்ளமைப்பில் வேறுபாடுகள் உண்டு, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே வந்து விழும். முன்னால் தள்ளினால் புதியது சேம்பருக்குப் போகும். நடுவே வாயு இல்லை, உதையைச் சேமித்து வைக்கும் ஸ்பிரிங் இல்லை. சக்தி முழுக்க உங்கள் இடது கையிலிருந்து வருகிறது.

பம்ப்பின் பலமெல்லாம் இதில்தான் இருக்கிறது. தோட்டா வலுவானதா, லேசானதா என்று அதற்குக் கவலையில்லை. ஒரு தோட்டா சுடாமல் போனால்கூட நிற்காது. இழுத்துத் தள்ளினால் அடுத்தது தயார். கொஞ்சம் மணல் போனால் கரகரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான். பனியில் எண்ணெய் இறுகிப் போனால் கையை இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும். செமி-ஆட்டோவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கு இந்தச் சூழ்நிலை புரியாது. அதனிடம் இருப்பது ஒரே அளவு சக்திதான். உங்கள் கை சூழ்நிலைக்குத் தகுந்தாற்போல் வலுவைக் கூட்டும்.

அப்படியானால் பம்ப் எங்கே மாட்டும்? முதலாவது இடம், சுடுகிறவரே. அரை இழுப்பு என்பதுதான் பம்ப்பின் பெரிய வியாதி. பறவை தலைக்கு மேலே திரும்பும் அவசரத்தில் முன்பிடி முழுத் தூரமும் பின்னால் போகாது. முக்கால் இழுப்பிலேயே முன்னால் தள்ளிவிடுவோம். காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கும், அல்லது புதியது மேகசினிலிருந்து எழும்பாது. விசையை அழுத்தினால் "டக்" என்ற சத்தம் மட்டும் கேட்கும். தடித்த குளிர்க்கோட்டு, ஈரக் கையுறை, குனிந்து உட்கார்ந்த நிலை எல்லாம் சேர்ந்தால் நல்ல கைக்காரருக்கும் இது நடக்கும். மருந்து எளிது: மறுபடி ஒருமுறை, இந்தத் தடவை கடைசிவரை, முரட்டுத்தனமாக இழுக்க வேண்டும். கருவி வேண்டாம், யோசனை வேண்டாம்.

இரண்டாவது, முன்பு சொன்ன ஒட்டிக்கொள்ளும் காலித் தோட்டா. செமி-ஆட்டோவில் இது நடந்தால் போல்ட்டின் சிறு கைப்பிடி ஒன்றுதான் பிடிமானம். பம்ப்பில் முழு முன்பிடியும் கைக்குள் அடங்கும். குழல்வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, தோளில் வைக்கும் பின்கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டியபடி இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். காலித் தோட்டா என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. மல்லாந்து படுத்துக்கொண்டு சுடுகிற மறைவிடங்கள் இருக்கின்றனவே, கூஸ் வேட்டையில் அறுவடை முடிந்த வயலில் போடுவார்களே, அதிலிருந்து எழுந்து உட்கார்ந்தபடி பம்ப்பை இயக்குவது சிரமம். முழங்கை இடிக்கும், குறி கலையும், இரண்டாவது சூடு தாமதமாகும். வயல் வேட்டைதான் அதிகம் என்றால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

உதையும் உண்டு. பம்ப்பில் உதையை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. 3½ அங்குலத் தோட்டாவைப் பம்ப்பில் போட்டுச் சுடுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது சூட்டிலேயே உடம்பு தானாகப் பின்வாங்கத் தொடங்கும், விசையை அழுத்தும்போது கண் மூடும். தூரம் கிடைக்கிறது என்று வாங்கியது குறியைக் கெடுத்துவிடும். 3 அங்குலம் போதும்.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இத்தாக்கா 37, பிரவுனிங் பிபிஎஸ் போன்றவை காலித் தோட்டாவைக் கீழே தள்ளும். முகத்துக்குக் குறுக்கே எதுவும் பறக்காது. பக்கவாட்டில் திறப்பே இல்லாததால் மழையும் பஞ்சும் உள்ளே போவதும் குறைவு. நெருக்கியடித்து உட்காரும் மறைவிடத்தில் பக்கத்திலிருப்பவர் கன்னத்தில் சூடான காலித் தோட்டா விழாது என்பதும் சின்ன நன்மையல்ல.

செமி-ஆட்டோ என்றால் இரண்டு வேறு இயந்திரங்கள்

கடையில் "செமி-ஆட்டோ" என்று ஒரே வரிசையில் வைத்திருப்பார்கள். உள்ளே திறந்து பார்த்தால் வாயுவில் ஓடுவதற்கும் இனர்ஷியாவில் (நிலைமத்தில்) ஓடுவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாட்டும் இடமும் வேறு, மருந்தும் வேறு. (மூன்றாவது ஒன்றும் இருந்தது: ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5. அதில் குழலும் போல்ட்டும் ஒன்றாகப் பின்னால் ஓடிவரும். பெல்ஜியத்தில் 1902-இல் உற்பத்தி தொடங்கி, நூற்றாண்டின் இறுதிவரை பல நீர்நிலைகளில் அதன் சத்தம் கேட்டது. தோட்டாவின் வலுவுக்கேற்ப உள்ளே உராய்வு வளையங்களை இடம்மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் லேசான தோட்டாவில் ஓடாது, வலுவானதில் துப்பாக்கியே அடிவாங்கும். பழையது கிடைத்தால் மதித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.)

வாயு வகையை முதலில் பார்ப்போம். குழலில் சிறு துளைகள் இருக்கும். ரவை அதைத் தாண்டும்போது மருந்து எரிந்த வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னால் தள்ளும். ரெமிங்டன் 1100 வந்த 1963-க்குப் பிறகு இந்த முறை பரவலாயிற்று. இதன் பெரிய வரம் தோளுக்குத்தான். மொத்த உதை குறைந்துவிடுவதில்லை. ஒரே அடியாக விழாமல் சற்று நீண்ட நேரத்துக்குப் பரவி விழுகிறது. குத்துக்குப் பதில் தள்ளல். கழுத்து வலி உள்ளவர், மெலிந்த உடம்புக்காரர், ஒரு காலையில் நிறையச் சுடுகிறவர் எல்லாருக்கும் இதில் உண்மையான நிம்மதி இருக்கிறது. தோள் நோகாதவர் குறிதவறாமல் சுடுவார். அடிபட்டுத் தப்பிப்போகும் பறவைகளும் குறையும். இதை வசதி என்று மட்டும் நினைக்கக் கூடாது; வேட்டை அறத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

விலை? கரி. ஒவ்வொரு சூட்டிலும் பிஸ்டன் அருகே கரிப்புகை படியும். ஈரக்காற்றும் உப்புக்காற்றும் சேர்ந்தால் அது களிம்பாகும். பனி பெய்தால் இறுகும். போல்ட் முழுதாகப் பின்னால் போகாது. காலித் தோட்டா திறப்பில் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கும். புதிய மாடல்களில் தானே சரிசெய்துகொள்ளும் வால்வுகள் வந்து நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மூலையில் வைத்துவிடுகிறவருக்கு வாயு வகை ஆகாது. 1100 போன்ற சில மாடல்களில் மேகசின் குழாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வாயுவை அடைத்துப் பிடிக்கும். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அது கிழிந்தால் முழுத் துப்பாக்கியும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாகிவிடும். அந்த வகை வைத்திருப்பவர் பையில் உதிரி வளையம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

இனர்ஷியா வகையின் பெயரோடு ஒட்டியிருப்பது இத்தாலியின் பெனெல்லி. கம்பெனி 1967-இல் தொடங்கியது. புரூனோ சிவோலானியின் வடிவமைப்பே அதன் அஸ்திவாரம். 1991-இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிள் 3½ அங்குலத் தோட்டாவையும் செமி-ஆட்டோவில் சுடக் கொடுத்து, கூஸ் வேட்டைக்காரர்களின் போக்கையே மாற்றியது. உள்ளே நடப்பது அழகான விஷயம். சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் போகிறது. போல்ட்டின் கனமான உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங் நசுங்குகிறது. மறுகணம் அது விரிந்து போல்ட் உடலைப் பின்னால் எறிய, போல்ட் தலை சுழன்று பூட்டு திறக்கிறது. குழலில் துளை இல்லை. புகையும் கரியும் பெரும்பாலும் குழல்வாய் வழியாகவே வெளியேறிவிடுகின்றன. நிறையச் சுட்ட பிறகும் உள்ளே ஆச்சரியமாகச் சுத்தமாக இருக்கும். சேறும் உப்பும் நிறைந்த இடங்களில் இதற்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுவே காரணம்.

இதற்கும் பலவீனங்கள் உண்டு. துப்பாக்கி பின்னால் அசைந்தால்தான் எல்லாம் நடக்கும். பின்கட்டை ஏதாவது கடினமான பொருளில் முட்டி நின்றபடி சுட்டால் ஸ்பிரிங் நசுங்காது. லேசான தோட்டாக்களிலும், துப்பாக்கியின் மேல் கூடுதல் எடை ஏற்றினாலும் திணறும். உடம்பு இலேசு, உதையை வாங்கும் பிஸ்டனும் இல்லை. ஆகவே வாயு வகையைவிடத் தோளில் கூர்மையாகவே விழும்.

இனர்ஷியா வைத்திருப்பவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் "கிளிக்". பறவைகள் அருகே இறங்கியிருக்கும்போது சத்தம் வரக்கூடாதென்று போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல முன்னால் விடுவார்கள். அல்லது படகில் ஏறும்போது போல்ட் கைப்பிடி எதிலாவது இடித்திருக்கும். போல்ட் தலை கடைசிச் சுழற்சியை முடிக்காமல் ஒரு மயிரிழை திறந்தே நிற்கும். பார்வைக்கு மூடியிருப்பதுபோல்தான் தெரியும். பறவை வந்ததும் விசையை அழுத்தினால் கிளிக்; தோட்டாவில் லேசான கீறல்கூட இருக்காது. மருந்து பழக்கத்தில்தான் இருக்கிறது: போல்ட்டை எப்போதும் முழு வேகத்தில் அறைந்து மூடவிட வேண்டும், எங்காவது இடித்த பிறகு, இடம் மாறிய பிறகு, கைப்பிடியை உள்ளங்கையால் முன்னால் ஒரு தட்டு தட்டிப் பார்க்க வேண்டும். புதிய தலைமுறை மாடல்கள் சிலவற்றில் இதற்கென்றே மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வாயுவானாலும் இனர்ஷியாவானாலும், பல செமி-ஆட்டோக்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கிறது. போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங், பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தினால் மழைத்தண்ணீர் ஆக்‌ஷன் வழியாக வழிந்து அந்தக் குழாய்க்குள்தான் போய்த் தேங்கும். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே ஸ்பிரிங் துருவேறிச் செம்மண்போல் உதிரும். போல்ட் சோம்பலாக மூடத் தொடங்கும், பிறகு மூடவே மூடாது. இந்தக் கோளாறை நீர்நிலையில் வைத்துச் சரிசெய்ய வழியே இல்லை. சீசன் முடிந்ததும் பின்கட்டையைக் கழற்றி அந்தக் குழாயைப் பார்ப்பவர் வெகு சிலர். பார்க்கிறவருடைய துப்பாக்கி பல்லாண்டு ஓடும்.

இரட்டைக்குழல்

மேலும் கீழுமாகக் குழல் அமைந்த ஓவர்-அண்டரும், பக்கத்துக்குப் பக்கம் அமைந்த பழைய பாணியும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. பாகங்கள் ஓடுவதில்லை. மேகசின் இல்லை. ஒரு தோட்டா சுடவில்லையா, இன்னொரு குழல் காத்திருக்கிறது. நம்பகத்தன்மையில் இதுதான் உச்சம் என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை.

முழு உண்மையான பகுதி பாதுகாப்பு பற்றியது. சேற்றில் குழல்வாய் புதைந்ததா என்ற சந்தேகம் வந்த உடனே மடக்கித் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, இரண்டு குழல் வழியாகவும் வானத்தைப் பார்த்துவிடலாம். அடைப்பு இருக்கும் குழலில் சுட்டால் குழலே வெடிக்கும். பம்ப்பிலும் செமி-ஆட்டோவிலும் இந்தச் சோதனைக்குத் துப்பாக்கியைக் காலிசெய்து, போல்ட்டைத் திறந்து, சமயத்தில் குழலைக் கழற்றவும் வேண்டியிருக்கும். அலுத்துப்போய் "பரவாயில்லை" என்று விட்டுவிடுகிற தருணம் அதுதான். அதேபோல, படகில் ஏறும்போதும் வேலியைத் தாண்டும்போதும் மடங்கித் தொங்கும் துப்பாக்கியைப் பத்தடி தள்ளி நிற்பவரும் பார்த்துக் காலி என்று தெரிந்துகொள்வார். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

இரண்டு குழலுக்கு இரண்டு சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் குழல்வாய்க் குறுக்கம்) வைக்கலாம் என்பது இன்னொரு நன்மை. டெக்காய் (பறவைகளை ஈர்க்க வைக்கும் பொம்மை வாத்து) மேல் கால் நீட்டி இறங்கும் வாத்துக்கு விரிந்தது, விலகிப்போகும் வாத்துக்கு இறுக்கமானது.

பாதி உண்மைக்கு வருவோம். திறப்பின் முகத்தில் ஒரு நாணல் விதையோ உறைந்த சேற்றுத் துணுக்கோ ஒட்டியிருந்தால் இரட்டைக்குழல் மூடாது. விரலால் துடைத்தால் தீர்ந்தது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒற்றை விசை உள்ளவற்றில் இரண்டு ரகம். ஒன்றில், முதல் சூட்டின் உதைதான் விசையை அடுத்த குழலுக்கு மாற்றும். முதல் தோட்டா சுடாவிட்டால் உதை இல்லை, உதை இல்லாவிட்டால் இரண்டாவது குழலும் சுடாது. இன்னொன்றில், முதல் தோட்டா சுட்டாலும் சுடாவிட்டாலும் விசையை மறுபடி அழுத்தினால் இரண்டாவது குழல் சுடும். நீர்ப்பறவைக்கு வாங்குகிறவர் இந்த இரண்டாவது ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் "இரண்டு குழல் இருக்கிறது" என்ற தைரியத்துக்கு அர்த்தமே இல்லை.

பழைய இரட்டைக்குழல்களைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி ஈய ரவைக்காகச் செய்தது. குழல் மெல்லியது, சோக் இறுக்கமானது, சேம்பர் பெரும்பாலும் 2¾ அங்குலமோ அதற்கும் குறைவோ. அதில் ஸ்டீல் ரவையைச் சுடாதீர்கள். ஸ்டீல் நசுங்காது, குழல்தான் வீங்கும். வலுவான ஸ்டீல் தோட்டாக்களுக்கென்று சோதித்த ஐரோப்பியக் குழல்களில் லில்லிப்பூ முத்திரை இருக்கும். அது இல்லாத பழைய குழல்களுக்கு ஸ்டீலைவிட மென்மையான பிஸ்மத் ரவை ஒரு வழி. அதையும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிக் கேட்ட பிறகே.

படுத்திருக்கும் மறைவிடத்திலும் ஒடுங்கிய படகிலும் இரட்டைக்குழலை மடக்கி நிரப்ப இடம் போதாது. குழலைக் கீழே சாய்க்க வேண்டும். கீழே தண்ணீரும் சேறும். அடிபட்டு விழுந்த பறவை நீந்தத் தொடங்கினால் சீக்கிரம் இன்னொரு தோட்டா வேண்டும். அப்போது மூன்றாவது தோட்டாவின் அருமை தெரியும். அடிபட்ட பறவையை முடித்துவைப்பது சுட்டவரின் கடமை.

ஒற்றைக்குழல், போல்ட் ஆக்‌ஷன் வகைகளில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பழகுவதற்கு ஒற்றைக்குழல் நல்லது. போல்ட் ஆக்‌ஷன் ஷாட்கன் பறக்கும் பறவைக்கு மிக மந்தம்.

எந்த ஆக்‌ஷனாலும் தப்பிக்க முடியாதவை

குளிர்தான் எல்லாவற்றுக்கும் பொது எதிரி. தொழிற்சாலையிலிருந்து வரும் கெட்டிக் கிரீஸ் உறைபனியில் மெழுகாகும். சுத்தியலும் ஊசியும் மெதுவாக நகர்ந்து தோட்டாவை லேசாக மட்டும் தட்டும், சுடாது. குளிர்காலத்துக்கு முன் அந்தக் கிரீஸை முழுதும் கழுவி எடுத்து, மிக மெல்லிய எண்ணெயோ உலர் மசகோ பூசுங்கள். நிறைய எண்ணெய் விடுவதுதான் பராமரிப்பு என்று நினைப்பவர்களின் துப்பாக்கிகள்தான் முதலில் உறைகின்றன. இரவில் துப்பாக்கியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் இரும்பின் மேல் வியர்வைபோல் நீர் பூக்கும். அதைத் துடைத்து உலர்த்தாமல் விடியலில் குளிருக்குத் தூக்கிப்போனால் உள்ளே பனிக்கட்டிதான்.

தோட்டாப் பையில் 12 போரையும் 20 போரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் நின்றுவிடும். சேம்பர் காலி என்று நினைத்து அதன் பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் கையும் கண்ணும் போகும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் இதற்காகவே வந்தது. ஒரே மறைவிடத்தில் இரண்டு அளவுத் துப்பாக்கிகள் இருந்தால் தோட்டாக்கள் தனித்தனிப் பையில் இருக்கட்டும்.

என் தேர்வு

முதல் துப்பாக்கி, ஒரே துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் அதுதான் என்றால் 3 அங்குல சேம்பர் உள்ள 12 போர் பம்ப். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதன் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கையாலேயே தீர்க்கலாம். அதன் பெரிய பலவீனமான அரை இழுப்பைப் பயிற்சியால் போக்கலாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகலாம். ரெசின் பின்கட்டை, துருத்தாங்கும் பூச்சு இரண்டும் இருந்தால் மற்ற அலங்காரம் எதுவும் வேண்டாம்.

உப்புநீர்ச் சதுப்பிலோ, வயலில் படுத்தபடியோ, சீசன் முழுக்கப் போகிறவருக்கு இனர்ஷியா. போல்ட்டை அறைந்து மூடும் பழக்கமும், வருடத்துக்கு ஒருமுறை பின்கட்டையைக் கழற்றும் பொறுமையும் இருக்க வேண்டும். தோள் வலியோ மெலிந்த உடம்போ உள்ளவருக்கு வாயு வகை. ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் பிஸ்டனைத் துடைப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதைவிட இதமான துப்பாக்கி கிடையாது. முடியாவிட்டால் பம்ப்பையே எடுத்து, தோட்டாவை 2¾ அங்குலத்துக்கு இறக்கிக்கொண்டு, பறவையை இன்னும் அருகே வரவிடுங்கள். இரட்டைக்குழல், ஏற்கெனவே பயிற்சிக்குப் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டு அதிலேயே கை ஊறியவருக்கு. கைக்குப் பழகிய துப்பாக்கியை விட்டுப் புதிய ஆக்‌ஷனுக்குத் தாவினால் நம்பகத்தன்மை கூடாது, குறையும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காதீர்கள். மேகசின் மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை வெளியே எடுங்கள். துரு முதலில் அங்கேதான் பேசும். சோக்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அசையவில்லையென்றால் மரை துருவேறியிருக்கிறது. சேம்பருக்குள் டார்ச் அடித்து, புள்ளிபுள்ளியாக அரித்திருக்கிறதா என்று பாருங்கள். செமி-ஆட்டோ என்றால் பின்கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

வாங்கிய பிறகு, சீசன் தொடங்கும் முன், வேட்டைக்குப் போடுகிற அதே கோட்டு, அதே கையுறையோடு சுடுதளத்துக்குப் போங்கள். வேட்டைக்கு வைத்திருக்கிற அதே தோட்டாவில் ஒரு பெட்டி முழுக்கச் சுடுங்கள். நின்று சுடுங்கள், சுடுதளம் அனுமதித்தால் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தும் சுடுங்கள். 35 மீட்டரில் பெரிய காகிதம் ஒன்றைக் கட்டி, ரவை எங்கே எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் மாட்டினால் தோட்டாவை மாற்றுங்கள். மறுபடியும் அதே இடத்தில் மாட்டினால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அது சரியாகி வரும்வரை அந்தத் துப்பாக்கியோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.